நீருக்கடியில் ஒரு வெள்ளைத்தாள்

நம் சட்டைப்பைகளிலும் முந்தானை முடிச்சுகளிலும் பல ஆண்டுகள் ஒரு நிலக்காட்சி ஓவியம் குடியிருந்தது. 2001இல் வெளிவந்த செம்மஞ்சள் நிற இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைச் சொல்கிறேன். முன்னே தென்னைகள், அவற்றின் இடையே வளைந்து உள்வாங்கிய கடல், கரையோரம் ஒரு கலங்கரை விளக்கம். தென் அந்தமானில் மவுண்ட் ஹாரியட் மலையடியில் விரியும் நார்த் பே காட்சி அது. காய்கறிக்காரம்மாவிடம் அதைக் கொடுத்தோம், பேருந்து நடத்துனரிடம் வாங்கினோம். கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். மடித்து உண்டியலில் போட்டுக் கும்பிட்டோம். அந்தக் கடலை மட்டும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் ஒன்று குறைந்திருக்கும். அச்சு மை செம்மஞ்சள் என்பதால் அங்கே தென்னையும் செம்மஞ்சள், வானும் செம்மஞ்சள், கடலும் செம்மஞ்சள். உருவம் இருந்தது, நிறம் இல்லை. அந்த நிறத்தைத் தேடித்தான் தாளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஓவியர்கள் அத்தீவுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் வேலை செய்யும்போது அருகிருந்து பார்க்கப் பார்க்க, படைப்பு என்னும் பெருஞ்செயலின் ஓரத்தில் நாமும் நிற்க இடம் கிடைத்ததாக நெஞ்சு நெகிழ்கிறது. ஏனென்றால் நீர்வண்ண ஓவியர் தாளில் எதைச் செய்கிறாரோ, அதையே, அதே முறையில், அந்தக் கடல் நினைவுக்கெட்டாத காலமாகச் செய்துகொண்டிருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் போர்ட் பிளேர் சேர ஏறக்குறைய மூன்று நாள். 2024இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. கரை விட்டு நகரும்போது கலங்கலாக இருக்கும் நீர், நகரம் மறைந்ததும் பச்சையாகி, பிறகு நீலமாகி, நடுக்கடலில் மை ஊற்றியது போன்ற கருநீலத்தில் நிலைத்துவிடும். இரண்டு நாள் அந்த ஒரே நிறத்தின் மேல் மிதந்துவிட்டு, மூன்றாம் நாள் காடு அடர்ந்த ஒரு மேடு அடிவானத்தில் எழும்போது, கப்பலின் மேல்தட்டில் பேச்சு தானாக அடங்கும். ஐந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும். எல்லாம் சேர்ந்து 8,249 சதுர கிலோமீட்டர். வங்கக்கடலின் விரிவில் அவை ஒரு தூரிகையின் சில தொடுகைகள்தான்.

தீவுகளில் பொழுது நம் கடிகாரத்துக்கு முன்னால் ஓடுகிறது. இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே இருப்பதால், சூரியன் அங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறான். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தடித்த சில நிமிடங்களில் அவன் கடலில் இறங்கிவிடுவான். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் இறங்குவதும் செங்குத்தாக. வடக்கு நாடுகளில் போல அந்தி அங்கே நீண்டு கிடப்பதில்லை. வண்ணம் கலந்து முடிப்பதற்குள் வானம் வேறொன்றாகிவிடும். ஆகவே அங்கே ஓவியர் விடியுமுன்பே கரைக்கு வந்து, இருட்டிலேயே தாளைப் பலகையில் ஒட்டி, தண்ணீர்க் கிண்ணங்களை மணலில் அழுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். முதல் வேலை அந்த உட்கார்தல்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் கரைந்து, எது மிக வெளிச்சம், எது மிக இருட்டு என்பது மட்டும் நிற்கும். உள்ளங்கை அளவில் பென்சிலால் நாலைந்து கட்டங்கள் போட்டு, அந்த வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே உட்காரும் என்று குறித்துக்கொள்கிறார். வண்ணப் பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை.

ஷாகித் தீவு என்று இப்போது அழைக்கப்படும் நீல் தீவின் பரத்பூர் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். தீவைச் சுற்றி நீருக்கடியில் பவளத்திட்டு ஒரு மதிலாக எழுந்து நிற்பதால், பேரலைகள் வெளியிலேயே உடைந்துவிடுகின்றன. உள்ளே ஆழமற்ற, அலைகுறைந்த நீர். காலடியில் அதற்கு நிறமே இல்லை. விரல் நகம் தெரியும், நகத்தின் மேல் வலை பின்னி அசையும் ஒளிக்கோடு தெரியும். பத்தடி தள்ளி, இளம் வெள்ளரிப்பிஞ்சின் உட்புறத்தில் இருக்குமே, அந்த மெல்லிய பசுமை. அதற்கப்பால் பச்சையும் நீலமும் எது எதில் முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு நிறம். ஆங்காங்கே பவளமும் கடற்புல்லும் இருக்கும் இடங்களில் தவிட்டு நிறத் திட்டுகள். கடைசியில், மதில் முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில், கத்தியால் கீறி வைத்த கோடாகக் கருநீலம். இத்தனைக்கும் அங்கே இருப்பது ஒரே நீர். கையில் அள்ளினால் எல்லா இடத்திலும் ஒரே கண்ணாடித் தெளிவு.

இதைத் தாளில் கொண்டுவர ஓவியர் என்ன செய்கிறார்? நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை. பருத்தித் தாளின் வெண்மையே அங்கே ஒளி. மிகவும் நீர்த்த நீலப்பச்சையை அகலத் தூரிகையில் எடுத்து, ஒரே ஓட்டத்தில் தாளின் மேல் விடுகிறார். இதை அவர்கள் வாஷ் என்பார்கள். கரையோரத்தில் தாளை அப்படியே விட்டுவிடுகிறார். காய்ந்தபின், ஆழம் கூடும் இடத்தில் மட்டும் அதன் மேல் இன்னொரு வாஷ். பிறகு இன்னும் உள்ளே தள்ளி மற்றொன்று. ஒவ்வொரு படலமும் கண்ணாடியைப் போல ஊடுருவிப் பார்க்கக்கூடியது. வெளிச்சம் அந்த வண்ணப்படலத்தின் வழியே புகுந்து, அடியிலுள்ள வெள்ளைத்தாளைத் தொட்டு, மறுபடி அதே படலத்தின் வழியே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. இரண்டு முறை வண்ணத்தைக் கடந்து வருவதால்தான் நல்ல நீர்வண்ண ஓவியம் உள்ளேயிருந்து ஒளிர்வதாகத் தோன்றுகிறது.

இப்போது கடலைப் பாருங்கள். மேலே வெயில். நடுவே ஊடுருவிப் பார்க்கக்கூடிய நீர்ப்படலம். அடியில் வெள்ளை மணல். வெயில் நீருக்குள் இறங்குகிறது, மணலைத் தொடுகிறது, அதே நீரின் வழியே திரும்பி மேலேறி நம் கண்ணுக்கு வருகிறது. போகும்போதும் வரும்போதும் நீர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சிவப்பைத்தான் முதலில் எடுக்கும், சில மீட்டர் ஆழத்திலேயே. பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஒரு முழ ஆழத்தில் எடுக்க நேரமில்லை, ஆகவே அங்கே நிறமில்லை. ஓர் ஆள் ஆழத்தில் சிவப்பு குறைந்து பசுமை மிஞ்சுகிறது. பனைமர ஆழத்தில் நீலம் மட்டும் தப்பி வருகிறது. ஓவியர் படலத்தின் மேல் படலமாக ஏற்றுவதைக் கடல் ஆழத்தால் செய்கிறது. நமக்குப் பரத்பூரில் கிடைப்பது ஒரு நிலக்காட்சி மட்டுமல்ல, ஏற்கெனவே தீட்டி முடித்த ஒரு நீர்வண்ண ஓவியம். தாளும் உண்டு, படலமும் உண்டு, விட்டுவைத்த வெண்மையும் உண்டு. தாளைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. கடல் அதற்கு முன்பே தன் தாளை விரித்து வைத்துவிட்டது.

கடலின் நீலத்தைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று மனம் உருகிக் கேட்டவர் ஒருவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1921இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு, நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் சி. வி. ராமன். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதுதான் கடலின் நீலம் என்று பேரறிஞர் ராலே சொல்லியிருந்தார், உலகமும் அதை ஏற்றிருந்தது. ராமன் ஒரு சிறு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்து, நீர்ப்பரப்பில் தெறிக்கும் வானொளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து அந்த நீலத்தைத் தருகின்றன என்று எழுதி அனுப்பினார். அந்தக் கேள்வியின் வழியே நடந்துதான் ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28ஆம் நாளுக்கும், 1930இன் நோபல் பரிசுக்கும் வந்து சேர்ந்தார். நாமும் கப்பலில் போகிறோம், மெரினாவில் உட்காருகிறோம், சுண்டல் தீர்ந்ததும் எழுந்துவிடுகிறோம். ஒரு நிறத்தின் முன்னால் நின்று கேள்வி கேட்கும் பணிவு விஞ்ஞானிக்கும் ஓவியருக்கும் ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் சமன்பாட்டோடு எழுகிறார், மற்றவர் ஈரத் தாளோடு.

நீலத்தின் காரணம் அறிந்தோம். அடியில் கிடக்கும் அந்த வெண்மைக்குக் காரணம் யார்? இங்கேதான் கைகூப்பத் தோன்றும் அதிசயம் தொடங்குகிறது.

மெரினாவின் மணல் மலையிலிருந்து வந்தது. ஆறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவந்த படிகம். அதன் பழுப்பு நமக்குப் பழகியது. அந்தமானின் பவளக்கரை மணல் அப்படி வந்ததில்லை. அது உயிர்களின் கைவேலை. பவளம் என்று நாம் சொல்லும் கல்லைக் கட்டுவது சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, வாயைச் சுற்றிச் சிறு விரல்கள் கொண்ட, எலும்பில்லாத ஓர் உயிரி. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தை எடுத்து, தன் அடியில் கல்லாக்கி, அதன் மேல் தான் அமர்கிறது. அதன் உடலுக்குள், கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைச் சமைத்து உணவாக்கிக் கொடுக்கிறது, பவள உயிரி பாசிக்கு வீடு கொடுக்கிறது. உருண்டைப் பவளத்தின் சில வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நீருக்கடியில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு பவளக்குன்று, நம் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்பே தன் முதல் சுண்ணத்தைப் படியவிட்டிருக்கும்.

அந்தக் கல் மணலாக வேண்டுமே. அதற்கென்று ஒரு மீன் இருக்கிறது. பச்சை, ஊதா, ரோஜா என்று கிளியின் நிறங்களையும் கிளியின் அலகையும் வாங்கிக்கொண்டு பிறந்த கிளிமீன். அதன் அலகு உண்மையில் பற்களின் கோவை. சுமார் ஆயிரம் பற்கள் பதினைந்து வரிசைகளில் ஒன்றோடொன்று இறுகி, முன்வரிசை தேய்ந்து விழ விழப் பின்வரிசை முன்னால் வருகிறது. பவளக் கல்லின் மேல் படிந்த பாசியையும் அதற்குள் இருக்கும் உயிர்ச்சத்தையும் தின்பதற்காக அது கல்லையே கடிக்கிறது. நீரில் தலையை அமிழ்த்திக் காதைக் கொடுத்தால், கற்கண்டைக் கடிப்பதுபோல் கறுக் கறுக் என்ற ஓசை கேட்கும். கடித்த கல்லைத் தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை மாவாக அரைக்கிறது. உணவு உடலில் சேர, சுண்ணம் வெண்மணலாகப் பின்னால் புகைபோல் உதிர்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி இறைக்கும். மாலத்தீவில் ஒரு தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள், அங்கே புதிதாக உருவாகும் மணலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிளிமீன் தந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சத்தைச் சிப்பியும் சங்கும் சுண்ணப் பாசியும் தருகின்றன.

ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இது விளங்கும். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது இப்போது வெள்ளையாக இல்லை. தந்த நிறத்தில் ஒரு துணுக்கு, ரோஜாவின் ஓரத்தை ஒத்த ஒன்று, நடுவில் நுண்துளை இட்ட ஒன்று, பொடிச் சங்கின் கடைசிச் சுற்று மட்டும் மிஞ்சிய ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உயிர் உடுத்தியிருந்த வீடு. இத்தனை சிறு வீடுகள் இடிந்து பொடிந்து அடுக்கிக்கொண்டதால் அல்லவா, பரிதி தன் கதிரைத் தொட்டுத் திருப்ப ஒரு தளம் கிடைத்தது? மிகச் சிறிய ஓர் உயிரி கல் செய்ய, மீன் அதை மணலாக்க, மணல் ஒளியைத் திருப்ப, நீர் அதற்கு நிறம் கொடுக்க, அதைப் பார்த்து ஒரு மனிதன் தூரிகையை நனைக்கிறான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தன் அடுத்த கண்ணியை அறியாது. கிளிமீனுக்குப் பசி தெரியும், நிறம் உண்டாக்குகிறோம் என்பது தெரியாது.

வற்றம் வந்து நீர் பின்வாங்கிய பொழுது, ஈர மணலில் இன்னோர் ஓவியக்கூட்டம் வேலைக்கு வரும். பட்டாணியைவிடச் சற்றே பெரிய மணல்நண்டுகள். காலடி அதிர்ந்தால் மறைந்துவிடும்; அசையாமல் குந்தியிருந்தால் மெல்ல வளையிலிருந்து எழும். ஒரு நண்டு வளைவாயிலிருந்து நேர்கோட்டில் நகர்ந்து, கொடுக்குகளால் மணலை மாறி மாறி வாய்க்கு ஊட்டுகிறது. வாயிலுள்ள மெல்லிய மயிர்த்தூரிகைகள் மணற்பொடியைச் சலித்து, அதில் ஒட்டிய நுண்பாசியை மட்டும் எடுத்துக்கொள்ள, சத்து நீங்கிய மணல் வாயின் மேற்புறம் உருண்டையாகத் திரளுகிறது. மிளகளவு ஆனதும் அதைக் கொடுக்கால் பறித்துக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த உருண்டை. ஒரு கோடு முடிந்தால் வளைக்குத் திரும்பிச் சற்றே திசை மாற்றி இன்னொரு கோடு. வளைக்கு ஓடிப்போகும் பாதையை மட்டும் ஒருபோதும் உருண்டையால் அடைப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் அந்த வளையை நடுவாக வைத்து, கதிர் விரித்த ஒரு வட்டம் மணலில் பூத்துவிடும். பக்கத்து நண்டின் வட்டம் இதைத் தொடும் இடத்தில் இரண்டும் வளைந்து கொடுத்து எல்லை காக்கின்றன. மார்கழி வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் கைகளுக்கு இது அந்நியமாகத் தெரியாது. அடுத்த ஏற்றத்தில் அலை வந்து எல்லாவற்றையும் ஒரே துடைப்பில் எடுத்துச் செல்லும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். வரைந்ததை இழந்தோம் என்ற வருத்தம் அந்தச் சிறு உயிருக்கு இல்லை. நீர் கொண்டுவந்து விட்ட புதுப் பாசியில் புது வட்டம்.

கடலைவிட்டுக் காட்டைத் திரும்பிப் பார்த்தால் ஓவியரின் பாடு வேறு. பசுமைகளின் எண்ணிக்கை அங்கே கைமீறிப் போகிறது. வானளாவும் குர்ஜன் மரம் ஒரு பச்சை, கரையில் சாய்ந்த கடல்மகுவா ஒரு பச்சை, உப்பங்கழியில் வேரூன்றிய கண்டல் எண்ணெய் தடவிய இருண்ட பச்சை. வெட்டினால் குருதிச் சிவப்பாயிருக்கும் படாக் மரம் அதே காட்டில் சாதுவாக இலை விரித்து நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாடு அது. காற்றே ஈரம். சென்னை வெயிலில் ஐந்து நிமிடத்தில் காயும் வாஷ் அங்கே அரைமணியானாலும் ஈரம் விடாது. அவசரப்பட்டு அடுத்த வண்ணத்தை வைத்தால் இரண்டும் கலந்து ஓடிவிடும். பழகிய ஓவியர் அந்த ஓட்டத்தையே துணைக்கு வைத்துக்கொள்கிறார். காட்டின் விளிம்பையும் மழைமேகத்தையும் ஈரத்தின் மேல் ஈரமாக விட்டு, கலப்பதைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறார். காத்திருப்பதையும் கலையின் பகுதியாக்கிவிடுகிறது அந்தத் தீவு.

வெளியிலிருந்து தாளோடு வந்தவர்களுக்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணின் மக்கள் அம்மண்ணின் நிறத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். அந்தமானின் ஆதிகுடிகள் வெண்களிமண்ணைக் குழைத்து உடலில் கோலமிட்டார்கள். செங்காவியை ஆமை, பன்றிக் கொழுப்பில் கலந்து பூசினார்கள். நிலத்தைப் பார்த்து வரையாமல், நிலத்தையே எடுத்து உடுத்திக்கொண்டவர்கள் அவர்கள். நிக்கோபாரில், கமோர்ட்டா, நான்கவ்ரி பக்கத்தில், நோயுற்றவர் வீட்டுக்காக மந்திரவாதி மருத்துவர்கள் ஹெண்டா என்னும் ஓவியப் பலகை செய்தார்கள். பாக்குப் பாளையிலோ மரப்பலகையிலோ சூரியன், சந்திரன், தென்னை, பன்றி, மீன், கப்பல், வீட்டுப் பாத்திரம் எல்லாம் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். தீய ஆவியை விரட்டவும் நல்லதை அழைக்கவும் அது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நோயாளியின் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தி, இத்தனையும் உன்னைச் சுற்றி இருக்கிறது, எழுந்து வா என்று சொல்லும் ஓவியமாகவே நான் அதை எண்ணிக்கொள்கிறேன். நிலக்காட்சி வரைவதற்கு இதைவிட உயர்ந்த நோக்கம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலுக்கு வந்த நில அளவையாளர் ராபர்ட் ஹைட் கோல்புரூக் கைதேர்ந்த ஓவியரும்கூட. மைசூர் நாட்டுக் காட்சிகளை வரைந்து வெளியிட்டவர். பின்னாளில் வங்காளத்தின் தலைமை அளவையாளர் ஆனார். கப்பல்தட்டில் நின்று கரையின் மேடுபள்ளத்தைக் கோட்டில் பிடிப்பது அக்காலத்தில் உயிர்காக்கும் கலை. அடுத்து வரும் மாலுமிக்குத் துறைமுகத்தை அடையாளம் காட்டுவது அந்த ஓவியம்தான். அந்தமான் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1795இல் ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வந்தது. அந்தக் காலத்தில்தான், 1787இல், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 135 கிலோமீட்டரில் உள்ள பேரன் தீவு புகைவிடுவதைக் கடலோடிகள் பதிந்துவைத்தார்கள். நீருக்கு மேல் சுமார் 350 மீட்டர்தான் தெரியும் அம்மலையின் அடிவாரம் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிவிட்டு 1991இல் அது கண்விழித்தது. அதன் கரை மணல் கரிய சாம்பல். வெள்ளைத்தாள் விரித்த அதே கடல், அங்கே கறுப்புத்தாளை விரித்திருக்கிறது.

எரிமலைக்கும் நிலக்காட்சி ஓவியத்துக்கும் ஒரு நெடிய உறவு உண்டு. பேரன் தீவை உயிர்ப்பிக்கும் அதே புவித்தட்டு மோதல் தெற்கே நீளும் வழியில்தான், 1883 ஆகஸ்டில், கிரகடோவா வெடித்தது. அந்த ஓசை அந்தமானிலும் கேட்டது. வான்மேலே ஏறிய தூசு உலகைச் சுற்றிப் படர்ந்து, மாதங்கள் கழித்து லண்டன் வானத்தைத் தீப்பிடிக்கச் செய்தது. தேம்ஸ் கரையில் செல்சியில் இருந்த வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர், மாலைதோறும் பேஸ்டல் கட்டிகளோடு ஆற்றங்கரைக்கு வந்து, சில நிமிடத்துக்கொன்றாக அந்தச் சிவப்பு மாறுவதை வரைந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறு ஓவியங்கள். வண்ணப் புகைப்படம் பரவாத காலம். பூமி தன் வயிற்றிலிருந்து எறிந்த தூசு சூரியனின் ஒளியை எப்படி மாற்றியது என்பதற்கு அந்தக் கைகளே சாட்சி.

அந்தமானின் நிலக்காட்சியே ஒருமுறை நம் கண்ணெதிரே திருத்தி வரையப்பட்டது. 2004 டிசம்பர் 26, பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்த நாள். வடமேற்கு அந்தமானில் கரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பியது. நீருக்கடியில் இருந்த பவளங்கள் வெயிலில் நின்று வெளுத்து மடிந்தன. தெற்கே, கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, 1972 முதல் தரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. இடையே எத்தனை கிராமங்கள், எத்தனை பிள்ளைகள். அழகை வியந்து எழுதும் எந்தப் பேனாவும் அந்த நாளின் முன் தலைகுனிந்தே ஆகவேண்டும். பிறகு 2010 கோடையில் கடல் சூடேறி, வழக்கத்தைவிட வெப்பம் கூடியதைப் பல வாரம் தாங்க முடியாமல், பவள உயிரிகள் தம் உடலிலிருந்த பாசியை வெளியேற்றின. அந்தமான் பவளத்திட்டுகள் பெரும்பரப்பில் வெளுத்தன. நீரின் மேலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வெண்மையும் அழகாகவே தெரிந்திருக்கும். அது பசியின் நிறம். சில இடங்களில் பாசி திரும்பிக் குடியேறியது, சில இடங்களில் பவளம் செத்துப் பாழானது. கடலடியில் ஒன்றிரண்டு பாகை வெப்பம் கூடுவதும் குறைவதும்தான் பரத்பூரின் நிறத்துக்கும் நிறமின்மைக்கும் நடுவே நிற்கிறது. இத்தனை மெல்லிய சமநிலையின் மேல் இத்தனை பெரிய பேரழகை நிறுத்தி வைத்திருக்கும் கை எது என்று எண்ணினால் உள்ளம் நடுங்குகிறது. நாம் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் அந்தச் சமநிலையைத் தொட்டுக்கொண்டிருப்பதை எண்ணினால் இன்னும் நடுங்குகிறது.

ஓவியர் இதையெல்லாம் தாளில் எழுதுவதில்லை. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. காலை ஏழு மணிக்குள் அவர் தேர்ந்துகொண்ட ஒளி போய்விடும். மதிலுக்கு அப்பாலுள்ள கருநீலத்தை ஒரே கோடாக இழுத்துவிட்டு, தவிட்டுத் திட்டுகளை நுனித்தூரிகையால் தொட்டுவிட்டு, கரையோர வெண்மையை மட்டும் கடைசிவரை தொடாமல் காக்கிறார். இன்னும் கொஞ்சம் என்ற ஆசையில் அங்கே வண்ணம் வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நீர்வண்ணத்தில் மிகக் கடினமான வேலை வைப்பதல்ல, விடுவது என்று அந்தக் கலையில் பழகியவர்கள் எல்லாருமே சொல்வார்கள்.

முடியாமல் போனால்? நாளைக்கு வந்து முடிக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கடலுக்கு நாளை என்பது வேறு கணக்கு. ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகின்றன. இன்று காலை ஆறு மணிக்கு இருந்த ஆழம் நாளை அந்நேரத்தில் இருக்காது. ஆழம் மாறினால் படலத்தின் தடிமன் மாறும். படலம் மாறினால் நிறம் மாறும். அதே வெயில் நேரமும் அதே நீர்மட்டமும் மறுபடி சந்திக்க ஏறக்குறைய பதினைந்து நாள் ஆகும், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த அமாவாசை வரை. அதற்குள் சூரியன் எழும் இடம் சற்று நகர்ந்திருக்கும், மே மாதமானால் தென்மேற்கு மேகம் வந்து நீரைக் கலக்கியிருக்கும். ஆகவே அனுபவமுள்ள ஓவியர் பென்சிலை எடுத்து, ஓவியத்தின் ஓரத்தில் அன்றைய திதியையும், வற்றம் வந்த நேரத்தையும், காற்று எங்கிருந்து அடித்தது என்பதையும் குறித்துக்கொள்கிறார். பிறகு போர்ட் பிளேரின் ஏற்றவற்ற அட்டவணையைப் பிரித்து, அடுத்த பதினைந்தாம் நாள் என்ன கிழமை என்று பார்க்கிறார்.